மேய்ச்சல் நிலம் போதுமா? ‘ரேஞ்ச்லாண்ட்’ என்பதற்கான கலைச்சொல் குறித்து

பண்டாரவளையிலிருந்து

மதிப்புக்குரிய நண்பர்களுக்கு வணக்கம்.

வறண்டுவரும் காலநிலையில் ரேஞ்ச்லாண்ட் எனப்படும், யாரும் விதைக்காமல் இயற்கைத் தாவரம் நின்று விலங்கு மேயும் நிலங்களைப் பேணுவதும் மீட்பதும் பற்றிய பயிற்சிக் கைந்நூல் ஒன்றைத் தமிழாக்கும் பொறுப்பு என்னிடம் வந்து இரண்டு மாதங்களாகின்றன. நூலின் உள்ளே ஓரளவு தூரம் போய்விட்டேன். தலைப்பு மட்டும் இன்னும் தமிழாகவில்லை. அந்தத் தலைப்புச் சொல்லுக்கு நீங்கள் முன்வைத்தவை நான்கு: புல்வெளி, தரவை, மேய்ச்சல் நிலம், மேய்ச்சல் தரை.

புல்வெளியை முதலிலேயே விலக்கிவிடலாம். பாலைவனமாதலுக்கு எதிரான ஐக்கிய நாடுகள் சமவாயம் 2024இல் வெளியிட்ட அறிக்கை உலகின் நிலப்பரப்பில் 54 சதவீதத்தை இந்த வகைக்குள் அடக்குகிறது; அதற்குள் புதர்க்காடும் சவன்னாவும் அரைப்பாலையும் தூந்திரமும் வருகின்றன. இத்தனையையும் புல்வெளி என்றால் புல்லே அருகிப்போன நிலத்துக்கும் அந்தப் பெயரைச் சூட்டியவர்களாவோம். தரவை என்பது யாழ்ப்பாணத்து ஆசிரியர் தந்த சொல். அதன் ஓசை எனக்குப் பிடிக்கும். ஆனால் கடலை அண்டிய உவர்வெளியைக் கண்டு வளர்ந்தவருக்கு அது உடனே விளங்குமேயன்றி, மலையில் பிறந்த என் போன்றவர் அகராதியைப் புரட்டித்தான் பொருளறிய வேண்டியிருக்கும்.

மேய்ச்சல் நிலம்தான் உண்மையான சிக்கல். எல்லோருக்கும் விளங்குவதனாலேயே அது சிக்கலாகிறது. அம்பேவெல, போபத்தலாவப் பண்ணைகளில் வேலியடைத்து, விதைத்து, உரமிட்டு வளர்த்த புல்லும் மேய்ச்சல் நிலம்தான். வெலிமடைக்கும் பண்டாரவளைக்கும் இடையில் யாரும் விதைக்காமல் தானாகவே நிற்கும், பத்தனை எனப்படும் மலைப் புற்சரிவும் மேய்ச்சல் நிலம்தான். நூலோ இவ்விரண்டையும் பிரிப்பதில்தான் தொடங்குகிறது. முதலாவதை உழுது மறுபடியும் விதைக்கலாம், ஏறத்தாழ ஒரு பயிரைப் போல நடத்தலாம். இரண்டாவதில் மனிதர் செய்யக்கூடியது மிகக் குறைவு: எத்தனை மாடு, எந்தக் காலத்தில், எவ்வளவு நாள், எங்கே தீ, எங்கே ஓய்வு என்பனவற்றை மட்டுமே தீர்மானிக்கலாம், மற்றதை மழையும் மண்ணும் பார்த்துக்கொள்ளும். பண்ணைக்குரிய அறிவுரையைப் பத்தனைக்குச் சொன்னால் அது பிழையான அறிவுரை. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் அந்தப் பிழையை மொழிபெயர்ப்பாளனே செய்தவனாகிறான்.

பத்தனை என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். சிங்களத்தின் பத்தனவைத்தான் நாங்கள் பத்தனை என்கிறோம். கொட்டகலைக்கு அருகில் ஓர் ஊருக்கே அது பெயர். ஆனால் அது ஓரிடத்துக்குரிய வகைப்பெயர், சவன்னாவைப் போல. மொங்கோலியாவின் வெளியைப் பத்தனை என்று எழுத எனக்குக் கை வராது.

நான் பேசுவது எப்படிப்பட்ட நிலம் என்பதைச் சற்று நெருங்கிச் சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீடான எங்கள் லயத்துக்கு மேலே இருந்த சரிவு முழுவதும் மானாப்புல். முற்றிய மானாவை மாடு முகர்ந்துவிட்டு நகரும். எண்ணெய் மணமும் சொரசொரப்பும் அதற்குப் பிடிப்பதில்லை. இளந்தளிரை மட்டும் ஆவலாக மேயும். ஆகவே ஆடி ஆவணிக் காற்றில் சரிவு காய்ந்து பழுத்ததும் யாராவது தீ வைப்பார்கள், உலர்ந்த துணிகளில் கரி விழும், முதல் தூறலுக்குப் பின் கருகிய தூர்களின் நடுவிலிருந்து பச்சை கிளம்பும். ஊவாவின் வறட்சி தென்மேல் பருவக்காற்று மலையின் மறுபுறத்தில் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்காற்றாக இறங்குவதால் வருவது. அந்த வெறுங்காற்றுக்கும் வடகீழ் மழைக்கும் இடையில் மண் திறந்து கிடக்கிறது. ஆண்டுதோறும் எரித்த சரிவில் குந்தியிருந்து பார்த்தால் ஒவ்வொரு தூரும் நான்கு விரல் உயரமான செம்மண் காலின் மேல் நிற்பது தெரியும். தூர் உயர்ந்ததனால் அல்ல, சுற்றியிருந்த மண் இறங்கியதனால். இடையில் வெள்ளைப் பருக்கைக் கற்கள் மட்டும் மிஞ்சியிருக்கும். “புல்லு கால் மேல நிக்குது, இனி மாட்டை இங்க விடாதே” என்று என் தகப்பனார் சொல்வார். நூலில் நிலச்சீர்கேட்டின் அறிகுறிகளுள் ஒன்றாக இதையே விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு ‘மண்கால்’ என்று எழுதிவிட்டேன். அதில் விவாதம் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் சுற்றாடல் பற்றிய துண்டுப்பிரசுரம் ஒன்றை மொழிபெயர்த்தபோது, வேறு சொல் அகப்படாமல், இத்தகைய சரிவுகளைத் ‘தரிசு நிலம்’ என்று எழுதினேன். அதை வாசித்த பாடசாலை ஒன்று மரநடுகைக்கு அந்தத் தரிசையே தெரிவுசெய்தது. பிள்ளைகள் மானாத் தூர்களைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் குழி தோண்டிக் கன்று நட்டார்கள். ஆவணிக் காற்றில் கன்றுகள் காய்ந்தன. ஐப்பசி மழை குழிகளின் வழியே மண்ணைக் கொண்டுபோயிற்று. பிள்ளைகள் மீது என்ன பிழை? வெறுமையாகக் கிடக்கும் இடம் என்று தமிழில் எழுதிக் கொடுத்தவன் நான்.

இது எனக்கு மட்டும் நேர்ந்த தடுமாற்றம் அல்ல. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காடாகவோ தரிசாகவோ பயிரிடப்படாமலோ கிடந்த நிலமெல்லாம் மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை பிரித்தானிய முடிக்குரியது என்று கொண்டது. கண்டிக் கிராமத்தவர் மாடு மேய்த்த வெளிகளும் அந்த ஊகத்துக்குள் அகப்பட்டன. 1897இல் தரிசு நிலங்களுக்கென்றே தனிச்சட்டம் வந்தது. கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் இதே சரிவுகளில் பைனஸ் மரம் நடப்பட்டபோதும் அங்கே ஒன்றும் இல்லை என்ற எண்ணமே பின்னால் இருந்தது. பைனஸ் வந்தபின் ஊற்று வற்றியதென்று ஊரார் சொல்வதை இங்கே தீர்க்க முடியாது. ஆனால் அங்கே ஏற்கெனவே ஒன்று இருந்தது என்பதற்கு நம்மிடம் பெயர் இல்லாமற்போனது உண்மை.

ஆகவே நான் முன்வைப்பது மேய்புலம். விளைநிலம், வாழிடம் போன்று இதுவும் வினைத்தொகை. மேய்ந்த புலம், மேய்கின்ற புலம், மேயும் புலம் என்று மூன்று காலமும் அதற்குள் மறைந்து நிற்கின்றன. இன்று ஒரு மாடும் இல்லாத, ஆனால் முன்பு மேயப்பட்ட, இனியும் மேயத்தக்க நிலத்தைக் குறிக்க இதைவிடச் சிக்கனமான வழி தமிழில் இல்லை. மேலும் மேய்தல் விலங்கின் தொழில்; மேய்த்தல்தான் மனிதனின் தொழில். ஹோட்டன் சமவெளியில் மேய்வது மரைமான். அதற்கு மேய்ப்பன் இல்லை. ஆகவே தயவுசெய்து யாரும் இடையில் ஒரு ‘ப்’ சேர்த்து மேய்ப்புலம் என்று எழுதிவிடாதீர்கள்: வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்ற இலக்கணத்துக்காக மட்டுமல்ல, அந்த ஓரெழுத்து நிலத்தை விலங்கிடமிருந்து வாங்கி மேய்ப்பவனிடம் கொடுத்துவிடும் என்பதற்காகவும்.

புலம் என்றதும் இக்காலத்தில் புலம்பெயர்ந்தோர்தான் நினைவுக்கு வருகிறார்கள் என்ற மறுப்பை எதிர்பார்க்கிறேன். வரட்டும். யாழ்ப்பாணத்துப் பனிப்புலம் இன்னும் ஊர்ப்பெயராக இருக்கிறது. வன்புலம், மென்புலம், புன்புலம் என்று நிலத்தை அதன் இயல்பால் பிரித்த பழைய வழக்கும் நம்முடையதே.

சார்ந்த சொற்களில் இரண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வறட்சி வந்து போவது. நூல் பேசுவதோ போகாதது. 2020 வரையிலான முப்பது ஆண்டுகளில், அதற்கு முந்திய முப்பது ஆண்டுகளோடு ஒப்பிட, உலக நிலப்பரப்பில் 77 சதவீதத்துக்கும் மேற்பட்ட பகுதி வறண்டிருக்கிறது என்று அதே சமவாயம் 2024இன் இறுதியில் அறிவித்தது. இதற்கு ‘வறள்வு’ என்று எழுதி, வறட்சியை அதன் பழைய பொருளிலேயே விட்டுவிடலாம்.

மற்றது மீட்டல். மறுசீரமைப்பு என்றால் ஒருவர் வந்து அடுக்கிவைப்பது போலிருக்கிறது, புனரமைப்பு கட்டடத்துக்கு ஆகும். பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு மறுநடுகைக்கு முன் கௌதமாலாப் புல்லையோ மானாவையோ நட்டு, ஒன்றரை இரண்டு ஆண்டுகள் வெட்டி வெட்டி மூடாக்காக இட்டு, மண்ணை ஆறப்போடுவதைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் அறிவார்கள். அந்த ‘ஆறப்போடல்’ மேய்ச்சலை நிறுத்தி வைக்கும் ஓய்வுக்கு மிகப் பொருந்துகிறது. புண் ஆறுவதும் சூடு ஆறுவதும் அதே வினையால்தான். சஹாராவின் தெற்கு விளிம்பிலுள்ள சஹேல் நாடுகளில் சரிவின் குறுக்கே வெட்டி ஓடும் நீரைப் பிடிக்கும் அரைவட்டங்களைப் ‘பிறைவரம்பு’ எனலாம்; தோட்டத்தில் கான் எனும் வடிகால் வெட்டியவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது. இவையெல்லாம் சேர்ந்த முழு வேலைக்கு ‘மீட்பு’. அடகுக் கடை நினைவு வந்தாலும் பரவாயில்லை. இங்கேயும் வட்டி ஏறியிருக்கிறது.

ஆனால் முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையாகும் என்ற சிலம்பின் கருத்தைக் கொண்டு சீர்கேட்டைத் ‘திரிபு’ எனலாம் என்ற யோசனையை நான் அரைமனதோடுதான் ஏற்கிறேன். பொருள் அழகாகப் பொருந்துகிறது. எனினும் பால் திரிந்தால் திரும்பாது. மானாச் சரிவு பல கட்டம் வரை திரும்பும், மண்ணே போனபின்தான் திரும்பாது. எல்லை கடந்த நிலைக்கு மட்டும் திரிபு என்றும், அதற்கு முந்தியதற்கு நலிவு என்றும் வைத்துக்கொண்டால் நூலின் ஓர் அத்தியாயம் முழுவதும் தெளிவாகிவிடுகிறது.

மட்டக்களப்பிலிருந்து

தம்பி, உமது கடிதத்தை இருமுறை வாசித்தேன். மேய்புலம் நன்றாக அமைந்த சொல். இலக்கணத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் மேய்ச்சல் தரை என்பது வெறும் மொழிபெயர்ப்புச் சொல் அல்ல. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரை என்று பத்திரிகையிலும் மனுவிலும் வழக்கிலும் எழுதப்பட்டு வருவது அது. பெரும்போகத்துக்கு வயல் விதைக்கும் காலத்தில் மாட்டுப் பட்டிகளைச் சாய்த்துக்கொண்டு அங்கே போய், அறுவடை முடியத் திருப்பிக்கொண்டு வருவது எங்கள் ஆட்களின் நீண்ட கால வழக்கம். நாளைக்கு ஓர் உத்தியோகத்தர் “இது மேய்புலம், மேய்ச்சல் தரை அல்ல” என்று எழுதிவிட்டால் பண்ணையாளர் எந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு உரிமை கேட்பார்கள்? 1840இல் நடந்ததை நீர்தானே எழுதினீர்.

இன்னொன்று. நூலில் பட்டிகள் இடம் மாறுவதை ‘இடப்பெயர்வு’ என்று மொழிபெயர்த்து அனுப்பியிருந்தீர். இந்நாட்டில் அந்தச் சொல்லைப் படிக்கிறவர் கண்ணுக்கு மாடு தெரியாது, முகாம்தான் தெரியும். மழை ஒழுங்காகப் பெய்யாத நிலத்தில் ‘தாங்குதிறன் இத்தனை மாடு’ என்று ஓர் எண்ணை நிலையாக எழுதிவைப்பதில் பயனில்லை; பெய்த இடத்துக்குப் போவதுதான் முறை. அந்தப் போக்குவரத்தே உமது நூலின் உயிர் என்றால் அதற்கு ஒரு நல்ல சொல் வேண்டும். பட்டி பெயர்த்தல் என்று எழுதும்.

பண்டாரவளையிலிருந்து

ஐயா அவர்களுக்கு, பட்டி பெயர்த்தலை அப்படியே ஏற்றுக்கொண்டு பதினொரு இடங்களில் திருத்திவிட்டேன். இடப்பெயர்வு என்று எழுதியபோது எனக்கு அது தோன்றாமற் போனது வெட்கமாக இருக்கிறது.

மேய்ச்சல் தரையைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. என் முன்மொழிவில் அது விடுபட்டிருந்தது. நான் நிலத்தின் இயல்பைப் பற்றியே யோசித்தேன், அதன் மேல் ஒரு சமூகத்துக்கு உள்ள வழக்குரிமையைப் பற்றி யோசிக்கவில்லை. ஆகவே இப்படிச் செய்கிறேன். விதைக்காத இயற்கைத் தாவரம் நிற்கும், விலங்கு மேயும் நிலவகை முழுவதும் மேய்புலம். அதனுள், ஒரு குறிப்பிட்ட ஊராரோ பண்ணையாளரோ வழக்கத்தால் உரிமை கொண்டு பட்டி பெயர்க்கும் இடம் மேய்ச்சல் தரை. ஒன்று மற்றதை நீக்காது என்பதை முதல் அத்தியாயத்திலேயே ஒரு வாக்கியமாக எழுதிவிடுகிறேன். பண்ணையில் விதைத்து வளர்ப்பதற்குப் புற்பயிர் நிலம். மேய்ச்சல் நிலம் என்ற பொதுச்சொல் பேச்சில் இருக்கட்டும், நூலில் தவிர்க்கிறேன்.

2026ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இந்நிலங்களுக்கும் ஆயர்களுக்கும் உரிய சர்வதேச ஆண்டாக 2022இலேயே அறிவித்தது. அதன் பெயரையும் இந்த ஒழுங்கின்படி ‘மேய்புலங்களுக்கும் ஆயர்களுக்குமான சர்வதேச ஆண்டு’ என்று எழுதியிருக்கிறேன். ஆயர் என்பது இன்று கிறிஸ்தவ வாசகருக்கு மறைமாவட்ட ஆயரை நினைவூட்டும் என்று என் மனைவி சொல்கிறார். கால்நடை மேய்ப்போர் என்று நீட்டுவதா, ஆயர் என்றே விடுவதா என்பதில் மட்டும் உங்கள் எல்லோருடைய கருத்தும் வேண்டும். அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டியிருப்பதால் வியாழன் மாலைக்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.