மென்பொருள் வேகமாகிவிட்டது, லாரி ஏன் இன்னும் கேட்டில் நிற்கிறது? – மலைக்காரர்களின் அனுபவங்கள்

குன்னூரிலிருந்து, தேயிலை ஃபேக்டரிகளுக்கு மென்பொருள் அமைத்துத் தருபவர்:

"எல்லா வேலையையும் கணினிக்கு மாற்றிவிட்டோம், ஆனாலும் சரக்கு வெளியே போக முன்பு ஆன நேரமே ஆகிறது" என்று பலர் கேட்கிறார்கள். இங்கே ஒரு ஃபேக்டரியில் நடந்ததைச் சொல்கிறேன்.

சிறு விவசாயிகளிடம் இலை வாங்கும் ஃபேக்டரி அது. ஏஜென்ட்கள் ஊர் ஊராகப் போய் எடை போட்டு, நோட்டில் எழுதி, ராத்திரி ஆபீஸில் கணக்கு ஏற்றுவார்கள். அதற்குப் பதிலாக போனிலேயே எடையைப் பதிவு செய்யும் செயலி வந்தது. விவசாயிக்கு உடனே எஸ்எம்எஸ், எடைச் சண்டை பாதியாகக் குறைந்தது. முதலாளிக்கு ஒரே சந்தோஷம்.

அப்புறம் ஏப்ரல், மே சீசன் வந்தது. எடை போடும் வேலை சீக்கிரம் முடிந்ததால் ஏஜென்ட்கள் இன்னும் நாலு தோட்டம் சேர்த்து வாங்கினார்கள். முன்பு சாயங்காலத்திலிருந்து ராத்திரி வரை ஒவ்வொன்றாக வந்த லாரிகள் இப்போது நாலு மணிக்கே வரிசையாக வந்து நின்றன. உள்ளே டிரஃப் எல்லாம் (இலையைப் பரப்பிக் காற்றடித்து வாட்டும் நீளத் தொட்டிகள்) நிறைந்திருந்தது. சாக்கில் அமுங்கிய இலை சூடாகிச் சிவந்துபோனது. அப்படிப்பட்ட இலையில் நல்ல தூள் எப்படி வரும்?

இதற்குக் கணக்கு ஒன்று இருக்கிறது. 1961-ல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்க ஆய்வாளர் நிரூபித்தது: ஓர் இடத்துக்குள் இருக்கும் சரக்கின் சராசரி அளவு என்பது, அது வந்து சேரும் வேகத்தை அது உள்ளே தங்கும் நேரத்தால் பெருக்கினால் வருவது. மணிக்கு 1,000 கிலோ இலை வந்து, வாட்ட 14 மணி நேரம் ஆகுமென்றால் 14,000 கிலோவுக்கு டிரஃப் வேண்டும். வரத்து 1,500 கிலோவானால் 21,000 கிலோவுக்கு இடம் வேண்டும். செயலி வரத்தைத்தான் கூட்டியது. இலை வாடும் நேரத்தை எந்தச் செயலியும் குறைக்க முடியாது.

எனக்கு இதைவிடச் சுவாரஸ்யமாகப் பட்டது அடுத்த சுற்று. தூளின் தரம் இறங்கினால் ஏலத்தில் விலை இறங்கும். ஒரு ஃபேக்டரி மட்டும் என்றால் மாவட்டச் சராசரி அசையாது. ஆனால் சீசனில் பாதிப் பேருக்கு இதே கதைதான். தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் பச்சைத் தேயிலை விலை அந்த ஏலச் சராசரியை வைத்தே வருகிறது. விலை குறைந்ததும் விவசாயி என்ன செய்வார்? ரெண்டு இலை ஒரு கொழுந்து என்று பார்த்துப் பறிக்காமல் முற்றிய கரட்டு இலையையும் சேர்த்து எடையைக் கூட்டுவார். அவர் பார்வையில் அது சரிதான். விளைவு, லாரியில் பாரம் இன்னும் ஏறுகிறது, தரம் இன்னும் இறங்குகிறது. இன்று கேட்டில் சிவந்த இலையின் பலன் விலையாகத் திரும்பி வர வாரக்கணக்கில் ஆவதால் யாருக்கும் ரெண்டையும் முடிச்சுப்போடத் தோன்றுவதில்லை. ஏஜென்டைத் திட்டுகிறார்கள், ஏஜென்ட் விவசாயியைத் திட்டுகிறார், எல்லோரும் சேர்ந்து மழையைத் திட்டுகிறார்கள்.

முதலாளி டேஷ்போர்டு (எல்லா எண்களையும் ஒரே இடத்தில் காட்டும் திரை) கேட்டார். (டேஷ்போர்டு கேட்காத முதலாளியை நான் இன்னும் பார்க்கவில்லை.) ஃபேக்டரி மேலாளரும் நானும் ஒரு தாளில் அம்புக்குறி போட்டு இந்தச் சுற்றை வரைந்து காட்டினோம். கடைசியில் செயலியில் சேர்த்தது ஒரே ஒரு வரி: தினமும் காலையில், எத்தனை மணிக்கு எத்தனை டிரஃப் காலியாகும் என்று எல்லா ஏஜென்ட்டுக்கும் போகும். அதைப் பார்த்து லாரிகளை நேரம் பிரித்து விடுகிறார்கள். கேட்டில் நிற்பது நன்றாகக் குறைந்துவிட்டது.

கோத்தகிரியிலிருந்து, வீட்டிலிருந்தே ஐடி சப்போர்ட் வேலை பார்ப்பவர்:

சார், நீங்கள் சொன்ன சுற்று எங்கள் டிக்கெட் கணக்கிலும் உண்டு. (கணினியில் பதிவாகும் ஒவ்வொரு புகாரும் எங்களுக்கு ஒரு டிக்கெட்.) எங்கள் டீமுக்கு ஒரு விதி: வந்த டிக்கெட்டை நாலு மணி நேரத்துக்குள் மூட வேண்டும். மூடுகிறோம். பிரச்சினை தீராதவர் மறுநாள் புது டிக்கெட் போடுகிறார். அறிக்கையில் ரெண்டுமே "தீர்ந்தது". எண்ணிக்கை ஏறுகிறது, "டீம் நன்றாக உழைக்கிறது" என்று மேலே பாராட்டு வேறு. பிறகு ஆள் பற்றாக்குறை என்று புதிதாக ஆள் எடுத்தார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே பழைய ஆட்களின் நேரம் போனது. தாமதமான மென்பொருள் வேலையில் ஆளைக் கூட்டினால் தாமதம்தான் கூடும் என்று ஃப்ரெட் புரூக்ஸ் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் 1975-லேயே எழுதியிருக்கிறார். சப்போர்ட்டுக்கும் அது பொருந்துவதைக் கண்ணால் பார்த்தேன்.

ஒரு நாள் மழையில் கரண்ட் போய், நெட்டும் போய், வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது லேப்டாப்பில் இருந்த பழைய டிக்கெட் பட்டியலை வகை பிரித்துப் பார்த்தேன். மாதக் கடைசியில் மட்டும் பாஸ்வேர்டு புகார் குவிந்திருந்தது. சம்பளப் பதிவுக்கு ஒரு சிஸ்டம், விடுப்புக்கு ஒரு சிஸ்டம். ரெண்டிலும் பாஸ்வேர்டு காலாவதியாகும் தேதி வேறு வேறு. ஒன்றை மாற்றியவர் மற்றதில் மாட்டிக்கொள்கிறார். ரெண்டு தேதியையும் ஒன்றாக்கச் சொன்னோம். அது வேறு டீமின் வேலை என்பதால் அனுமதி வாங்கத்தான் நாளானது. மாற்றியதும் அந்த வகை டிக்கெட் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. எண்ணிக்கை குறைந்ததும் மேலிடம் கேட்ட முதல் கேள்வி: "உங்கள் டீமுக்கு வேலை குறைந்துவிட்டதா?"

கொடைக்கானலிலிருந்து, விடுதி முன்பதிவு பார்ப்பவர்:

எங்களுடையது சின்ன விஷயம். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் (வண்டியில் வருபவர்கள் முன்கூட்டியே இணையத்தில் எடுக்க வேண்டிய அனுமதி) வந்தது எல்லோருக்கும் தெரியும். 2025 ஏப்ரல் முதல் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வைத்தார்கள். கொடைக்கானலுக்கு வாரநாளில் 4,000 வண்டி, வாரக்கடைசியில் 6,000. ஊட்டிக்கு 6,000, 8,000.

எங்கள் விடுதியின் முன்பதிவு மென்பொருளுக்கு இதெல்லாம் தெரியாது. ரூம் காலியாக இருந்தால் பணம் வாங்கிக்கொள்ளும். அதன் பிறகுதான் விருந்தினர் பாஸுக்குப் போவார். கிடைக்காவிட்டால் எங்களுக்கு போன். போன் எடுக்க ஆள் போட்டோம், அழைப்பு இன்னும் கூடியது. ஜான் செடன் என்ற பிரிட்டிஷ் மேலாண்மை ஆலோசகர் இந்த மாதிரி அழைப்புகளைத் தனியாகப் பிரித்து எண்ணச் சொல்கிறார்: நாம் முதலில் சரியாகச் செய்யாததால் மட்டுமே வருகிற வேலை. எண்ணினோம். முக்கால்வாசி அதுதான்.

இப்போது பணம் கட்டும் திரைக்கு முன்பே "பாஸ் எடுத்துவிட்டீர்களா?" என்று கேட்கிறோம். அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு பாஸ் தேவையில்லை என்பதால் வத்தலக்குண்டு பஸ் நேரத்தையும் கொடை ரோடு ஸ்டேஷன் விவரத்தையும் அங்கேயே போட்டுவிட்டோம். போன் எடுக்க வைத்த தம்பி இப்போது வரவேற்பில் இருக்கிறார்.

குன்னூர்க்காரர் மறுபடியும்:

கொடைக்கானல் அண்ணன் சொன்னதில் ஒன்று கவனிக்க வேண்டியது. குற்றவாளி வெளியில் இருப்பதுபோலத் தெரிந்தது, மாற்ற முடிந்தது உள்ளே இருந்தது. ஜே ஃபாரஸ்டர் கதையும் இப்படித்தான். அமெரிக்கப் பொறியாளர், கணினிக்கு காந்த வளைய நினைவகம் செய்தவர். 1956-ல் எம்ஐடியின் மேலாண்மைப் பள்ளிக்கு மாறினார். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் கென்டக்கி ஆலைகளில் சில வருடம் மூன்று நான்கு ஷிஃப்ட் ஓடும், சில வருடம் கழித்துப் பாதி ஆட்களை வீட்டுக்கு அனுப்புவார்கள். சந்தைதான் காரணம் என்று நினைத்திருந்தார்கள். அவர் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து, ஆள் எடுக்கும் விதி, சரக்கு இருப்பு விதி எல்லாவற்றையும் வாரம் வாரமாகக் கணக்குப் போட்டார். வெளியே ஆர்டர் சீராக வந்தாலும் அவர்களுடைய சொந்த விதிகளே அந்த ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும் என்று தெரிந்தது.

கூடலூர் பக்கத்திலிருந்து, தேயிலை விவசாயி வீட்டுப் பையன், கணக்கு வேலை பார்ப்பவர்:

எல்லாம் சரி. நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். லாரியை நேரம் பிரித்து விட்டால் கேட்டில் கூட்டம் குறையும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடைசி நேரம் ஒதுக்கப்பட்ட ஊர்க்காரன் என்ன ஆவான்? அம்மா மத்தியானமே பறித்து முடித்துவிடுவார். லாரி ஏழு மணிக்கு. அதுவரை இலை ரோட்டோரம் சாக்கில்தான் கிடக்கும். கேட்டில் சிவந்த இலை இப்போது எங்கள் ஊர் முக்கில் சிவக்கிறது. ஃபேக்டரி அறிக்கையில் காத்திருப்பு குறைந்துவிட்டது, எங்கள் எடைச் சீட்டில் கழிவு என்று பிடிக்கும் எடை கூடிவிட்டது.

படம் வரையும்போது சுற்றை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதை யார் முடிவு செய்வது? கேட்டோடு நிறுத்தினால் விடை ஒன்று, செடி வரை கொண்டுபோனால் விடை வேறு. செயலியில் முதலாளிக்கு ஒரு திரை, ஏஜென்டுக்கு ஒரு திரை. விவசாயிக்கு எஸ்எம்எஸ் மட்டும், அதற்குப் பதில் போடவும் முடியாது.

குன்னூர்க்காரர்:

தம்பி கேட்பது நியாயமான கேள்வி. ஏஜென்ட்கள் மூலமாக இதே புகார் ஃபேக்டரிக்கும் வந்தது. இப்போது ரெண்டு காரியம் நடக்கிறது. ஊர்களின் நேரம் வாராவாரம் மாறும், ஒரே ஊர் எப்போதும் கடைசியாக வராது. அந்த நேரம் முந்தின நாள் ராத்திரியே விவசாயிக்கும் எஸ்எம்எஸ்ஸாகப் போகிறது. ஏழு மணி லாரி என்றால் பறிப்பைத் தாமதமாகத் தொடங்கலாம். சாக்குக்குப் பதிலாகக் காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் கூடை கொடுக்கச் சொல்லியிருக்கிறோம். அதன் செலவை யார் ஏற்பது என்பதில் முதலாளியும் ஏஜென்ட்களும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கூடலூர் பக்கம் ஃபேக்டரிகளில் யாராவது கூடை கொடுத்துப் பார்த்திருந்தால், ஒரு லாரியில் எவ்வளவு எடை குறைகிறது என்று எழுதுங்கள். லாரி வாடகைக் கணக்கு அதில்தான் நிற்கிறது.