சைக்கோபாத்துக்காகச் சண்டைக்குப் போறவங்களுக்கு ஒரு சொல்: மயங்கரண்

எல்லாருக்கும் வணக்கம்,

நம்ம அகராதிக்குப் புதுச் சொல் தேடுற இந்த இழை நீண்டுக்கிட்டே போகுது, அதனால நீங்க முன்வச்ச சொற்களை ஒவ்வொண்ணா எடுத்தே பேசிடுறேன். நாம தேடுறது சைக்கோபாத்துக்கான, அதாவது இரக்கமோ குற்ற உணர்வோ இல்லாம மத்தவங்கள ஏமாத்திப் பயன்படுத்திக்கிறவனுக்கான சொல் இல்ல. அவன்கிட்ட மயங்கிப்போய், அவனால அடிபட்டவங்க மேலயே பாயுற ஆளுக்கான சொல்.

> கைப்பாவை, எடுபிடி, அடியாள்

மூணுமே ஒட்டல ஐயா. அடியாளுக்குத் தான் என்ன பண்றோம்னு தெரியும், கூலியும் வாங்குறான். கைப்பாவைக்குச் சொந்த நெனப்பே கிடையாது. நாம சொல்ற ஆளு பெரும்பாலும் நல்ல மனசுக்காரர், நியாயத்துக்காக நிக்கிறோம்னு முழுசா நம்புறவர், அதுதான் இதுல இருக்குற கொடுமையே.

அவர் எப்படி இந்த இடத்துக்கு வந்து சேர்றாருன்னு பாத்தாதான் சொல் பிடிபடும். சைக்கோபாத்தோட அடையாளங்கள்னு அமெரிக்க மனநல மருத்துவர் கிளெக்லி 1941ல போட்ட பட்டியல்ல முதல் அடையாளமே மேலோட்டமான வசீகரம், பின்னாடி கனடா உளவியலாளர் ஹேர் செஞ்ச 20 அம்சப் பட்டியலும் அதுலதான் தொடங்குது. வசீகரம்னா தேன் ஒழுகப் பேசுறது மட்டும் இல்ல, ஆளுக்கொரு முகம் காட்டுறது. பாராட்டுக்கு ஏங்குறவருக்குப் பாராட்டு, இரக்கப்படுறவருக்குத் தன்னோட சின்ன வயசுக் கஷ்டம், அதுக்கு மேல "உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்"னு ஒரு ரகசியம். இவ்வளவும் ஆன பிறகுதான் முக்கியமான காரியம் நடக்குது: நாளைக்குப் புகார் சொல்லப்போறவங்களப் பத்தி முன்கூட்டியே, ரொம்ப அக்கறையா, "பாவம், அவங்களுக்கு இப்ப மனசு சரியில்ல, என்னைப் பத்திக்கூட ஏதாவது சொல்வாங்க, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க"ன்னு காதுல போட்டு வைக்கிறான். அப்புறம் அவங்க நிஜமாவே புகார் சொல்ல வந்து உக்காரும்போது கை நடுங்குது, எது முதல்ல நடந்தது எது அப்புறம்னு குழம்புது, பாதியில அழுகை வந்துடுது. அவனோ குரல் ஏத்தாம, தண்ணி கிளாஸ அவங்க பக்கம் நகத்தி வச்சுட்டு, அச்சடிச்ச மெயில்கள வரிசையா எடுத்து வைக்கிறான். பாத்துக்கிட்டு இருக்குறவருக்கு, அவன் முன்னாடியே சொன்னது அப்படியே பலிச்ச மாதிரி தெரியுது. பாதிக்கப்பட்டவங்களோட கண்ணீரே அவன் பக்கத்துச் சாட்சியா மாறிடுது!

> பழிமாற்று

இது நல்ல சொல் அக்கா, ஆனா வேற விஷயத்துக்கு. மறுக்கிறது, எதிர்த்துத் தாக்குறது, தானே பாதிக்கப்பட்டவன்னு இடம் மாத்திக்கிறதுன்னு உளவியலாளர் ஜெனிஃபர் ஃப்ரெய்டு 1997ல சொன்னாங்களே, அதுக்கு இத வச்சுக்கலாம். அது அவன் செய்யுறது. நம்ம சொல் இவர் ஆகிப்போனதைச் சொல்லணும்.

ஒருத்தர் ஏன் விடாம வக்காலத்து வாங்குறாருன்னா, அவன் கெட்டவன்னு ஒத்துக்கிட்டா தான் ஏமாந்ததையும், அடிபட்டவங்கள விரட்டுனதையும் சேத்தே ஒத்துக்கணும். உளவியலாளர் ஃபெஸ்டிங்கர் 1957ல சொன்ன அறிதல் முரண், அதாவது நம்புறதும் கண்ணுல படுறதும் ஒண்ணுக்கொண்ணு மோதும்போது வர்ற மன உளைச்சல், இங்க அப்படியே பொருந்துது. படிச்சவங்களும் தப்பல. ஆஸ்திரியாவுல ஜாக் உன்டர்வேகர்னு ஒருத்தன், கொலைக்காக 1976ல ஆயுள் தண்டனை, உள்ள இருந்தே கவிதை, கதை, சுயசரிதைன்னு எழுதுனான். எழுத்தாளர்களும் அறிவாளிகளும் அவன் திருந்திட்டான்னு கையெழுத்துப் போட்டுக் கேட்டாங்க. 1990ல வெளிய வந்தான், டிவியில கொண்டாடுனாங்க, சில மாசத்துலயே மறுபடி பெண்களக் கொல்ல ஆரம்பிச்சான், அதே கொலைகளப் பத்திப் பத்திரிகையாளனாப் போய் செய்தியும் சேகரிச்சான். 1994ல ஒன்பது கொலைகள் நிரூபணமாச்சு. அந்தக் கையெழுத்து போட்டவங்க யாரும் அடியாள் இல்ல.

அதனால நான் வைக்கிற சொல் மயங்கரண். மயங்கு + அரண், வினைத்தொகை; மயங்கிப்போய் அவனுக்குக் காவலா நிக்கிறவர். மயங்கிய, மயங்குகின்ற, மயங்கும்னு மூணு காலமும் உள்ள இருக்கு, ஏன்னா ஒருத்தர் தெளிஞ்சு விலகுனா அவன் அடுத்த ஆளத் தேடிக்கிறான். மயக்கரண்னு ஒரு நண்பர் எழுதியிருந்தார், அதுல மயக்குறவன் செயல்தான் முன்னாடி நிக்குது, எனக்கு மயங்குனவர் தெரியணும்.

> அரண்னா உயர்வான சொல்லாச்சே, இதுக்குப் போய் பயன்படுத்தலாமா?

உயர்வா இருக்குறதாலதான் கேக்குறேன் ஐயா. தெளிஞ்சு வெளிய வர நெனக்குறவருக்கு நாம வசவுச் சொல்ல நீட்டுனா அவர் இன்னும் இறுக்கமா அவன் பக்கமே போய் நிப்பாரு. "நான் ரெண்டு வருஷம் அவனுக்கு மயங்கரணா இருந்தேன்"னு ஒருத்தர் வாய்விட்டுச் சொல்லக்கூடிய சொல்லா அது இருக்கணும்.

இன்னொண்ணு, அகராதிப் பதிவுக்கு எழுதியிருக்குற வரையறையில மனநோயாளிங்குற சொல்ல எடுத்துடுங்க. மன அழுத்தத்தோடயும் மனச்சிதைவோடயும் போராடுற மக்கள் மேல இந்தப் பழி விழக்கூடாது. சைக்கோபாத்னே தமிழ் எழுத்துல இப்போதைக்கு இருக்கட்டும். ஹேர் பட்டியல்ல மதிப்பெண் போடவே பயிற்சி பெத்தவங்க வேணும், அதனால பிடிக்காத மேனேஜர், பழைய காதலன்னு யார் யாருக்கோ அந்தப் பேர ஒட்டுற எடுத்துக்காட்டு ரெண்டையும் பதிவுலருந்து நீக்கிடலாம்.

மயங்கரணுக்கு மறுப்பு இருந்தா காரணத்தோட எழுதுங்க, முக்கியமா இப்படி ஒருத்தர்கிட்ட சிக்கி வெளிய வந்தவங்க யாராவது இருந்தா உங்க காதுக்கு இந்தச் சொல் எப்படிக் கேக்குதுன்னு சொல்லுங்க, அதுக்கப்புறமே அகராதியில ஏத்தலாம்.