1967 டி-28, புது டி-28: முத்தியால்பேட்டையில் நேத்து கேட்டது

ஆறுகம்பி (முத்தியால்பேட்டை):
நேத்து எங்க மாடியில மூணு கிட்டாரை அடுத்தடுத்து வாசிச்சுக் கேட்டோம். ஒண்ணு, பிரெஞ்சு ராணுவத்துல சொல்தாவா (சிப்பாயா) இருந்து ஓய்வான எங்க பெரியப்பா மார்சேய்லேர்ந்து கொண்டுவந்த, அமெரிக்க மார்ட்டின் கம்பெனியோட 1967 டி-28 மாடல். அடுத்தது, நண்பர் 2019-ல வாங்கின டி-28. மூணாவது, சிவப்பு லேபிள் யமஹா எஃப்ஜி-180. மூணுக்கும் அன்னிக்கே புதுக் கம்பி மாட்டினோம், ஒரே தடிமன் (12 கேஜ்), ஒரே உலோகம் (பாஸ்பர் பிரான்ஸ்).

பழைய டி-28-ல தடிச்ச ஈ கம்பியை மீட்டினா சத்தம் நெஞ்சுல வந்து உக்காருது. ஜி கார்டு அடிச்சா ஆறு கம்பியும் தனித்தனியா காதுல விழுது. புதுசுல பளிச்சுன்னு இருக்கு, ஆனா எல்லாம் கலந்துடுது. காரணம் பழசோட பின்பலகையிலயும் பக்கப்பலகையிலயும் இருக்கற பிரேசில் ரோஸ்வுட் மரம். 1969-ஓட மார்ட்டின் அதை விட்டுட்டு நம்ம ஈட்டி மரத்துக்கு மாறினாங்க. 1992-லேர்ந்து உலக வர்த்தகத்துல பிரேசில் மரத்துக்குத் தடை. அந்த நாதம் இனி வராது.

கெடிலக்கரை:
தம்பி, கண்ணைத் திறந்துக்கிட்டுதானே வாசிச்சீங்க? 2018-ல லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு ஒண்ணு வந்துச்சு. கிட்டார் செய்யற ரோஜர் பக்னால் அதுக்கு ஆறு கிட்டார் செஞ்சு கொடுத்தார். பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் வேற வேற மரம். பிரேசில் ரோஸ்வுட், நம்ம ஈட்டி, விலை குறைஞ்ச சபேலி எல்லாம் அதுல உண்டு. 52 பேர் வெல்டிங் கண்ணாடி போட்டு, மங்கின வெளிச்சத்துல வாசிச்சாங்க. ஆறுக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில வளர்ற மரத்தை நாமே மட்டமாப் பேசுறது எனக்கு வருத்தமா இருக்கு.

ஆறுகம்பி:
அண்ணே, பின்பலகை விஷயத்துல உங்க பக்கம் நியாயம் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அந்த ஆறும் புதுக் கிட்டார். நான் சொல்றது ஐம்பது வருஷம் காய்ஞ்ச ஸ்ப்ரூஸ் மர முகப்பலகை. வருஷம் ஆக ஆக மரத்துல இருக்கற ஹெமிசெல்லுலோஸ்ங்கற நார்ப்பொருள் சிதைஞ்சு பலகை லேசாகுது. அதையே அவசரமா வரவழைக்கத்தான் யமஹாவும் மார்ட்டினும் புது மரத்தைச் சூடுபண்ணிப் பக்குவம் பண்றாங்க. பழமையில ஒண்ணுமே இல்லன்னா அவங்க ஏன் மெனக்கெடணும்?

கெடிலக்கரை:
மரம் மாறுது, சரி. அது காதுக்குத் தெரியுதா? 2014-ல வெளியான வயலின் ஆய்வுல பத்து முன்னணிக் கலைஞர்கள் பழைய இத்தாலி வயலின் ஆறு, புதுசு ஆறு வாசிச்சாங்க. அதுல ஸ்ட்ராடிவாரி செஞ்சதும் இருந்துச்சு. பத்துல ஆறு பேர் புதுசைத்தான் தேர்ந்தெடுத்தாங்க. எது பழசு, எது புதுசுன்னு அவங்களால சொல்ல முடியல.

மஞ்சக்குப்பம் பட்டறை:
ரெண்டு பேரும் கிட்டாரோட வயித்துக்குள்ள பாக்கவே இல்ல. 1944 கடைசியில மார்ட்டின், முகப்பலகைக்கு உள்ளே முட்டுக் கொடுக்கற பிரேசிங் கட்டைகளைச் செதுக்கி மெலிசாக்கறதை நிறுத்தினாங்க, கனமான கம்பியைத் தாங்கணும்னு. 1967 கிட்டார்ல இருக்கறது அந்தச் செதுக்காத கட்டை. 2017-ல டி-28-ஐ மாத்தினப்போ எக்ஸ் வடிவத்துல இருக்கற அந்தக் கட்டைகளை சவுண்ட்ஹோல் (முகப்பலகை நடுவுல இருக்கற வட்ட ஓட்டை) பக்கம் நகர்த்தினாங்க. அப்போ நீங்க ஒப்பிட்டது வயசை இல்ல, ரெண்டு வேற அமைப்பை.

இன்னொண்ணு. ஐப்பசி, கார்த்திகையில பட்டறைக்கு வர்ற கிட்டார்ல, முகப்பலகையில கம்பியைப் பிடிச்சுக்கற பிரிட்ஜுக்குப் பின்னாடி பலகை தொப்பை மாதிரி எழும்பியிருக்கும். குறுக்கே இரும்பு ஸ்கேலை வெச்சா நடுவுல மட்டும் ஒட்டும், ரெண்டு ஓரத்துலயும் வெளிச்சம் தெரியும். ஈரம் குடிச்ச பலகை கனத்துப்போய் சத்தம் அமுங்கும். ஆக்‌ஷனும், அதாவது விரல் பலகைக்கு மேல கம்பி நிக்கற உயரமும், ஏறும். மாசியில அதே கிட்டாரைத் தட்டிப் பாருங்க, வேற கிட்டாரோன்னு தோணும். உங்க ரெண்டும் எங்க இருந்துச்சு தம்பி?

ஆறுகம்பி:
பெரியப்பாவோடது பெட்டிக்குள்ள, சிலிக்கா ஜெல் போட்டு, பீரோ மேல. நண்பரோடது வைத்திக்குப்பத்துல, கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி, சுவத்துல மாட்டியிருக்கும். இது எனக்குத் தோணவே இல்ல.

தேவனாம்பட்டினம்:
அந்த எஃப்ஜி-180-ஐ யாருமே கண்டுக்கலையே! அதோட முகப்பலகை ஒட்டுப்பலகை, ஈரத்துக்குச் சுலபமா வளையாது. 2011-ல தானே புயல்ல எங்க வீட்டுக் கூரை பறந்து, என் எஃப்ஜி ராத்திரி முழுக்கச் சாரல்ல நனைஞ்சுச்சு. துடைச்சுக் காயவெச்சு, கம்பி மாத்தி, இப்பவும் ஞாயித்துக்கிழமை கோயில்ல வாசிக்கிறேன். அடிநாதம் குறைவுதான். பாட்டுக்காரங்க குரலுக்கு இடம் விடுற கிட்டார் அது.

ஆறுகம்பி:
சரி, ரெண்டு டி-28-ஐயும் ஒரே அறையில பதினைஞ்சு நாள் வெச்சுட்டு, நான் கண்ணைக் கட்டிக்கிட்டு வாசிக்கிறேன். நேத்து கேட்ட அந்த ஈ கம்பியை நான் விடமாட்டேன்.

கெடிலக்கரை:
நீங்க வாசிக்கக் கூடாது. ஐம்பது வருஷம் தேய்ஞ்ச நெக்கைக் கை உடனே கண்டுபிடிச்சுடும். வாசிக்க நான் வர்றேன், நீங்க திரைக்கு அந்தப் பக்கம் உக்காந்து கேளுங்க.

மஞ்சக்குப்பம் பட்டறை:
கம்பியை அன்னிக்குக் காலையில மாத்துங்க, பதினைஞ்சு நாள் உப்புக் காத்துல பழசு மழுங்கிடும். சேடல் (பிரிட்ஜ் மேல கம்பி உக்கார்ற துண்டு) உயரம் ரெண்டுலயும் ஒண்ணா இருக்கான்னு நான் வந்து பாத்துடறேன். அப்புறம் ஆரம்பிங்க.