மூன்று மாதம் பதிவு போட்டும் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை

ஹட்டன்_பொடியன்:
எனக்கு 29 வயது. ஊர் ஹட்டன். இப்போது வெள்ளவத்தையில் போடிங்கில் இருந்துகொண்டு பம்பலப்பிட்டியில் ஒரு கணக்காய்வு நிறுவனத்துக்கு வேலைக்குப் போகிறேன். ‘பர்சனல் பிராண்ட்’, அதாவது நம் பெயரை நாலு பேர் அடையாளம் காணும்படி வளர்ப்பது, அதைப் பற்றி ஒரு சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன். ஒரே நிறம், ஒரே மாதிரிப் படம், தினமும் ஒரு பதிவு என்றார்கள். அப்படியே செய்தேன். பணம் சேமிப்பது பற்றி 90 பதிவுகள் போட்டாயிற்று. 1,400 பேர் பின்தொடர்கிறார்கள், லைக்கும் வருகிறது. ஆனால் ஒருவர்கூட என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. என் பெயரைச் சொன்னால், நாலு பேருக்கு உதவுகிற ஆள் என்று நினைவு வரவேண்டும் என்பதுதான் என் ஆசை. எங்கே பிழை விடுகிறேன்?

தெஹிவளை_டிசைனர்:
மூன்று மாதம் போதாது, ஒரு வருடமாவது விடாமல் செய்யுங்கள். எழுத்தைக் குறைத்து வீடியோ போட்டுப் பாருங்கள். முகம் தெரிந்தால்தான் சனம் கதைக்க வரும்.

சம்பளச்சிட்டை_அக்கா:
தம்பி, டிசைனர் சொன்னது பிழையில்லை. ஆனால் உங்கள் சிக்கல் வேறு என்று நினைக்கிறேன். பொதுவாகச் சேமிப்பைப் பற்றி எழுதினால் வாசித்துத் தலையாட்டுவார்கள். அதை வைத்து நாளைக் காலையில் செய்ய அவர்களுக்கு ஒரு வேலையும் இருக்காது.

நான் புறக்கோட்டையில் ஒரு புடவை மொத்தக் கடையில் 16 வருடமாகச் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். 2014 இல் வேறொரு கடைப் பொடியன் தன் சிட்டையைக் கொண்டுவந்து, “அக்கா, இதில் வெட்டுகிற காசு எங்கே போகிறது?” என்று கேட்டான். ஓய்வுகாலத்துக்குச் சேர்க்கிற ஊழியர் சேமலாப நிதிக்கு உன் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி தன் பங்காகப் போடவேண்டியது 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு இன்னும் 3 வீதம், அந்த 3 வீதமும் முதலாளியின் காசு, உன்னிடம் பிடிக்கக் கூடாது என்று ஒரு பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அவனிடம் 11 வீதம் பிடித்திருந்தார்கள். அந்தத் துண்டை அவன் போனில் படம் எடுத்து எங்கெங்கோ அனுப்பிவிட்டான். அடுத்த கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மூன்று பேர் சிட்டையோடு வந்து நின்றார்கள். ‘சம்பளச்சிட்டை அக்கா’ என்ற இந்தப் பேரும் அவர்கள் வைத்ததுதான்.

அதற்கப்புறம் நான் வேறு எதைப் பற்றியும் எழுதப் போகவில்லை. வருகிற கேள்வியை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே ஒரு சீஆர் கொப்பியில் எழுதி வைப்பேன். ஒரே கேள்வி மூன்று தரம் வந்தால் முகநூலில் ஒரு பதிவு, அவ்வளவுதான். சில மாதம் ஒன்றுமே போடமாட்டேன். கலியாணம் கட்டி வேலையை விடுகிற பிள்ளை 50 வயதுவரை காத்திருக்காமல் சேமலாப நிதியை எடுக்க வழி இருக்கிறது என்று எழுதியதைத்தான் அதிகம் பேர் பகிர்ந்தார்கள். அது தெரியாமலே இருந்த பெண்கள் எத்தனை பேர் என்று பார்த்தபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

ஒரு தரம் பெரிய பிழை விட்டேன். வீடு கட்டுகிற வேலைக்காகச் சேமலாப நிதியில் 30 வீதத்தை முன்கூட்டியே எடுக்கலாம் என்று எழுதினேன். 10 வருடப் பங்களிப்பும் கணக்கில் குறைந்தது 3 இலட்சமும் இருக்கவேண்டும் என்பதைச் சேர்க்கவில்லை. அதை நம்பி ஒருவர் ஒரு நாள் சம்பளத்தை இழந்து நாரஹேன்பிட்டியில் இருக்கிற தொழில் திணைக்களத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினார். அவருடைய கடைக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். பதிவை அழிக்கவில்லை, மேலே ‘இது பிழை’ என்று எழுதித் திருத்தினேன். இப்போது யார் கேட்டாலும், நிச்சயமில்லை என்றால் “பார்த்துச் சொல்கிறேன்” என்றுதான் சொல்வேன்.

ஒன்று கேட்கிறேன். நீங்கள் பதிவு போடத் தொடங்க முன்பே உங்களைத் தேடி வந்தவர்கள் யார்? எதற்காக வந்தார்கள்?

ஹட்டன்_பொடியன்:
அக்கா, இரவு முழுக்க இதைத்தான் யோசித்தேன். எங்கள் ஒழுங்கையில் யாருக்குச் சிங்களத்தில் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். சின்ன வயதிலிருந்தே எனக்குச் சிங்களம் நன்றாக வரும். 1987 இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் ஏறிவிட்டது, ஆனாலும் சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்துகொண்டுதான் இருக்கிறது. போன மாதம் கீழ்வீட்டு அன்ரிக்கு ஒன்று வந்தது. பதில் போட 14 நாள் தவணை. அன்ரி அதைப் பயத்தில் 11 நாள் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். மூன்று நாளில் ஓடித் திரிந்து முடித்தோம். இதை ஒரு திறமையாக நான் நினைத்ததே இல்லை.

சம்பளச்சிட்டை_அக்கா:
உங்கள் 90 பதிவையும் விட எனக்கு இந்த ஒரு கடிதம் பெரிது. அன்ரியிடம் கேட்டு அதையே முதலில் போடுங்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள். எந்தக் கந்தோர், என்ன கேட்கிறார்கள், தவணை எங்கே எழுதியிருக்கிறது என்று வரி வரியாகக் காட்டுங்கள். வழக்கு சம்பந்தப்பட்டது வந்தால் நீங்கள் விளக்கம் சொல்லவேண்டாம், சட்டத்தரணியிடம் அனுப்புங்கள்.

ஹட்டன்_பொடியன்:
அன்ரி சம்மதித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன். ‘தினட்ட பெர’ (சிங்களத்தில் ‘திகதிக்கு முன்’) என்று வரும் இடத்தில் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன். அதற்கு முன்னால் இருக்கிற திகதிதான் தவணை.