நார்மன் ஆஸ்போர்ன்: தந்தையா, முதலாளியா?

கேள்வி (கிருஷ்ணகிரி): 2008-இல் தொடங்கி 26 பகுதிகளாக வந்த 'தி ஸ்பெக்டாகுலர் ஸ்பைடர்மேன்' கார்ட்டூன் தொடரை மகனுடன் பார்த்து முடித்தேன். அதில் வரும் ஆஸ்கார்ப் நிறுவன முதலாளி நார்மன், தம் மகன் ஹாரியை உண்மையில் நேசித்தாரா?

பதில் (தருமபுரி): இல்லை ஐயா. கிரீன் காப்ளின் என்னும் முகமூடி வில்லன் தாம்தான் என்பதை மறைக்க, நினைவிழந்து கிடந்த மகனின் காலைத் திருகி, நொண்டி நடக்கும் ஹாரியே குற்றவாளி என்று ஸ்பைடர்மேன் நம்பும்படி செய்தவரை நேசமுள்ள தந்தை என்று எவ்வாறு ஏற்பது?

பதில் (காவேரிப்பட்டினம்): எங்கள் பகுதி மாங்கூழ் ஆலை முதலாளிகளிலும் மகனை அதட்டி வளர்ப்பவர்கள் உண்டு, ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், மாம்பழப் பருவத்திலும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். நார்மனோ ஒருபோதும் மன்னிப்புக் கேட்காதவர்.

கேள்வி கேட்டவர்: உண்மைதான். ஹாரியின் எதிரிலேயே அவன் நண்பன் பீட்டரை (ஸ்பைடர்மேன் இவன்தான்) நார்மன் மெச்சுவதுதான் என் மகனை மிகவும் வருத்தியது.