டிசம்பர் கடைசியில் தனுஷ்கோடி: கடல்நாய் இல்லை, வேறு என்ன காட்டலாம்?

மதுரை அம்மா:
27ஆம் தேதி குடும்பத்தோடு ராமேஸ்வரம் வருகிறோம். ஸ்காட்லாந்துக் கரையில் கடல்நாய்கள் குட்டிகளோடு கூட்டமாகப் படுத்திருக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு, என் எட்டு வயது மகன் "நம்ம கடல்ல காட்டுங்க" என்று ஒரே பிடியாக நிற்கிறான். இங்கே கடல்பசு உண்டாமே, படகில் போனால் தெரியுமா?

பாம்பன் வலைக்காரன்:
அக்கா, கடல்நாய் நம்ம பக்கம் கிடையாது. கடல்பசு உண்டு, நாங்கள் ஆவுளியா என்போம். ஆனால் அது கடல்நாய் மாதிரி கரையேறிப் படுக்காது. அடியில் தாழை என்கிற கடல்புல்லை மேயும், மூச்சு விட மட்டும் மேலே வரும். முப்பது வருஷமாகக் கடலுக்குப் போகிறேன், உயிரோடு பார்த்தது இரண்டே தடவை. இரண்டாவது தடவை பார்த்தது மூக்குத் துளைகளை மட்டும்தான். "புஸ்" என்றது, நான் திரும்புவதற்குள் தண்ணீர் மூடிக்கொண்டது. "காட்டுகிறேன்" என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

பையனுக்குக் கூட்டம்தானே வேண்டும்? பூநாரையைக் காட்டுங்கள். கோதண்டராமர் கோவில் பக்கம் தேங்கி நிற்கும் ஆழமில்லாத தண்ணீரில் இறங்கும். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் தண்ணீர் மினுங்கிக் கண் கூசும். தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டுச் சலித்துத் தின்னும். நிற்கும்போது வெள்ளையாகத்தான் தெரியும். றெக்கையை விரித்தால்தான் உள்ளே சிவப்பும் ஓரத்தில் கறுப்பும். சில வருஷம் டிசம்பரில் கொஞ்சம்தான் இருக்கும், ஜனவரி, பிப்ரவரியில் நிறைய.

ஒன்று மட்டும். ரோட்டை விட்டு இறங்காதீர்கள். போன வருஷம் ஒருத்தர் செல்ஃபிக்காகச் சேற்றில் இறங்கினார். முழங்கால் வரை புதைந்தார், அது அவர் பாடு. கூட்டம் மொத்தமும் எழும்பித் தூரத்துக்குப் போய்விட்டது. அன்றைக்கு வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வெறும் தண்ணீர்தான்.

ராம்நாடு டீச்சர்:
அந்த இடம் 2025 ஜூனில் பூநாரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டது, அதனால் ட்ரோன் எல்லாம் வேண்டாம். பைனாகுலர் இருந்தால் எடுத்து வாருங்கள். இன்னொரு நாள் கையில் இருந்தால் தொண்டிப் பக்கம் காரங்காடு போங்கள், அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறைப் படகு உண்டு. அப்புறம், ஆவுளியா யானைக்குத்தான் தூரத்துச் சொந்தம், கடல்நாய்க்கு இல்லை. பையனிடம் சொல்லுங்கள், யானை என்றால் சமாதானமாகிவிடுவான்.

மதுரை அம்மா:
யானை எடுபடவில்லை டீச்சர். "தலைகீழா எப்படிம்மா திங்கும்?" என்று தட்டில் முகத்தைக் கவிழ்த்து ரசம் சாதம் சாப்பிட்டுப் பார்த்தான். மூக்கில் ஏறிவிட்டது. அண்ணே, காலை ஆறரைக்கு அங்கே இருந்தால் சரியா?

பாம்பன் வலைக்காரன்:
சரிதான் அக்கா. வாடைக் காற்று தூக்கும், பையனுக்குக் காதை மூடிக் குல்லா போடுங்கள்.