கல்லாவும் விசிலும் ஒரே கையில் இருக்கலாமா?

டெலிவரி மட்டும்:
"என்எஸ்இ கவர்ன்மென்ட் நடத்துறது, அதனால பயமில்லை" என்றான் என் மைத்துனன். தேசியப் பங்குச் சந்தை (என்எஸ்இ) அரசாங்கத் துறை இல்லை. எல்ஐசி, வங்கிகள், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் எல்லாம் பங்கு வைத்திருக்கிற ஒரு கம்பெனி, 1992ல் தொடங்கி 1994ல் வியாபாரத்துக்கு வந்தது. நாம் வாங்கினாலும் விற்றாலும் அதற்குக் கட்டணம். தப்பு செய்கிற புரோக்கருக்கு அபராதம் போடுவதும், பங்கை ஏஎஸ்எம் என்கிற கூடுதல் கண்காணிப்புப் பட்டியலில் தள்ளுவதும், பட்டியலிட்ட கம்பெனி கணக்கை நேரத்துக்குக் கொடுத்ததா என்று பார்ப்பதும் அதே கம்பெனிதான். வியாபாரம் பெருகினால் லாபம் பார்க்கிறவன் கையில் விசிலையும் கொடுத்தால் அவன் எப்போது ஊதுவான்?

பழைய புள்ளி:
தம்பி, நீங்கள் ரிங் என்கிற கூடத்தில் நின்று சத்தம் போட்டு வியாபாரம் நடந்த காலத்தைப் பார்த்ததில்லை போல. அப்போது சந்தையே புரோக்கர்களுடையது, நிர்வாகக் குழுவில் உட்கார்ந்திருந்ததும் அவர்களே. காலையில் 82க்கு நடந்த பங்குக்கு எனக்கு 88 என்று பில் வரும். கேட்டால் "அந்த நேரத்துல அதான் சார் ரேட்" என்பார்கள், நேரத்தை எங்கே போய்ப் பார்ப்பது? கணினித் திரை வந்த பிறகு நல்ல விலைக்கு முதலிடம், ஒரே விலை என்றால் முதலில் வந்த ஆர்டருக்கு முதலிடம், அவ்வளவுதான். எதிரில் நிற்பது யார் என்றே தெரியாது.

நிர்வாகத்துக்கும் கடிவாளம் இருக்கிறது. தனி ஆள் 5 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது, வங்கி, காப்பீடு போன்றவற்றுக்கு 15 வரை. புரோக்கர் போர்டில் உட்கார முடியாது. முதலீட்டாளர் நலனைப் பார்க்கிற பொதுநல இயக்குநர்கள் எண்ணிக்கையில் பங்குதாரர் தரப்பு ஆட்களைவிடக் குறையக்கூடாது. எம்டி நியமனத்துக்கும் பங்குச் சந்தைகளைக் கட்டுப்படுத்துகிற செபியின் ஒப்புதல் வேண்டும்.

கரடிப்பிடி:
திரையில் முதலில் வந்தவனுக்கு முதலிடம் என்கிறீர்களே, கொலோகேஷனில் அந்த "முதலில்"தான் பிரச்சினையே. புரோக்கர் தன் சர்வரைச் சந்தையின் கட்டடத்துக்குள்ளேயே வாடகைக்கு வைத்துக்கொள்ளலாம். அன்றைய முறையில் விலைத் தகவல் எல்லாருக்கும் ஒரே நொடியில் போகவில்லை, ஒருவர் பின் ஒருவராகப் போனது. காலையில் முதலில் லாகின் செய்தவனுக்கு முதலில், வரிசையில் கடைசி ஆளுக்குக் கடைசியில். சிலர் கூட்டமில்லாத மாற்று சர்வரில் போய் ஒட்டிக்கொண்டார்கள். 2015ல் யாரோ ஒருவர் கடிதம் எழுதித்தான் இது வெளியே வந்தது. உங்கள் பொதுநல இயக்குநர்கள் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

பழைய புள்ளி:
பாதிக் கதையோடு நிறுத்தாதீர்கள். 2019ல் செபி என்எஸ்இயை 624.89 கோடி ரூபாயை வட்டியோடு கட்டச் சொன்னது சரி. 2023 ஜனவரியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்துவிட்டது. உரிய கவனம் எடுக்கவில்லை என்பதற்காக 100 கோடி மட்டும்.

கரடிப்பிடி:
"மட்டும்"! சரி, அதை விடுங்கள். அப்போதைய எம்டி சந்தையின் உள்விவகாரங்களை முகம் தெரியாத ஒருவருக்கு மெயிலில் அனுப்பிக்கொண்டிருந்தார் என்று 2022 பிப்ரவரியில் செபி உத்தரவு வந்ததே. போர்டுக்குத் தெரிந்தும் செபியிடம் சொல்லவில்லை என்று அதிலேயே இருக்கிறது. கடிவாளம் இருந்தது, பிடித்தவர் கை தூங்கிவிட்டது.

இன்ட்ராடே இளங்கோ:
எனக்குச் சட்டம் தெரியாது, 2021 பிப்ரவரி 24 மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. 11.40க்கு வியாபாரம் நின்றது, தொலைத்தொடர்பு இணைப்பு கோளாறு என்றார்கள். சென்னையில் மாற்று மையம் வைத்துக்கொண்டும் அங்கே மாற்றவில்லை. போட்டிச் சந்தையான பிஎஸ்இ (மும்பை பங்குச் சந்தை) ஓடிக்கொண்டிருந்தது. என் புரோக்கர் (பெயர் வேண்டாம்) 3.15 வாக்கில், அன்றைக்கே வாங்கி அன்றைக்கே விற்க வேண்டிய என் பொசிஷனை அங்கே விற்று முடித்துவிட்டார். 3.45க்கு என்எஸ்இ திறந்து 5 மணி வரை நடந்தது, சந்தை ஏறிக்கொண்டே போகுது, நான் டீயை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். இதை யாரிடம் போய்க் கேட்பது?

பழைய புள்ளி:
நியாயமான கோபம். ஆனால் அதற்கு அடுத்த மாதமே செபி விதி போட்டது: முக்கிய சிஸ்டம் படுத்தால் அரை மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும், அதிலிருந்து 45 நிமிடத்தில் மாற்று மையத்தில் ஓட வேண்டும்.

டெலிவரி மட்டும்:
அடி விழுந்த பிறகுதான் விதி வருகிறது, அதைத்தான் நானும் சொல்கிறேன். அமெரிக்காவில் 2007ல் புரோக்கர்களைக் கண்காணிக்கிற வேலையில் பெரும்பகுதியை ஃபின்ரா என்று தனி அமைப்பாக்கிவிட்டார்கள். இங்கே ஏன் முடியாது?

பழைய புள்ளி:
அங்கேயும் சந்தை கண்ணை மூடிக்கொண்டு இருப்பதில்லை. வாங்க, விற்க வந்த ஆர்டர்களின் வரிசையை (ஆர்டர் புக்கை) நொடிக்கு நொடி பார்க்கிறவனுக்குத்தான் போலி ஆர்டர் தெரியும். வெளியில் இருக்கிறவனுக்கு மறுநாள் கோப்பில் தெரியும். லாப வெறி பற்றிய பயம் புதிதுமில்லை, செபி அமைத்த பிமல் ஜலான் கமிட்டி 2010லேயே சந்தை நிறுவனங்கள் தங்கள் பங்கையே பட்டியலிடக்கூடாது என்றது. யாரும் கேட்கவில்லை, அந்த ஒரு விஷயத்தில் நானும் உங்கள் பக்கம்தான்.

கரடிப்பிடி:
ஆகா, ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.

டெலிவரி மட்டும்:
பிஎஸ்இ ஐபிஓ மூலம் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டபோதுகூட தன் சந்தையிலேயே பட்டியலிட முடியாமல் 2017ல் என்எஸ்இக்குத்தான் வர வேண்டியிருந்தது. அந்த அளவு பிரித்து வைக்கத் தெரிந்தவர்களுக்கு விசிலையும் பிரிக்கத் தெரியாதா? இதையெல்லாம் மைத்துனனுக்கு அனுப்பினேன். படித்துவிட்டு, "அப்போ என்எஸ்இ ஐபிஓல எத்தனை லாட் போடலாம்?" என்று கேட்கிறான்.